செவிக்குக் கதவில்லை

கண்ணுக்கு இமையுண்டு, செவிக்கு அஃதில்லை. வேண்டாத காட்சியைக் காணாது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஓடும் பஸ் வண்டியில், தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து விழும் சொல்லைக் கேளாதிருத்தல் இயலாது. பொது இடங்களில் ஒலிக்கும் இழிமொழிப் பாடல்கள் பற்றிய விவாதம் இவ்வுண்மையிலிருந்தே தொடங்கவேண்டும்.

காதலை ஏற்க மறுத்த பெண்ணை வைதல், அவளது உடலைப் பண்டமாக்கி இரட்டை அர்த்தத்திற் பாடுதல் என்பன தமிழ்ச் சினிமாப் பாடலுக்குப் பழகிப்போன சரக்குகள். 2015 டிசெம்பரில் இணையத்தில் வெளியான ஒரு பாடலில் வசைச்சொல்லொன்று 'பீப்' ஒலியால் மூடப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் மாதர் அமைப்புகள் கிளர்ந்தெழுந்தன; பொலிஸ் வழக்கும் பதிவாயிற்று. எதிர்ப்பு நியாயமானதே. ஆயின், மூடிய சொல்லுக்குச் சினந்த சமுதாயம், அதே இழிவை மூடாத சொற்களிற் கூறும் பாடல்களைக் கலியாண வீட்டிலும் கடைத்தெருவிலும் தாளம்போட்டுக் கேட்கின்றது. குற்றம் சொல்லில் மட்டும் இல்லை. இழிவுபடுத்தும் நோக்கிலேயே உள்ளது.

"மக்கள் விரும்புவதைத்தானே போடுகிறோம், நாட்டார் பாடலில் இல்லாத கொச்சையா?" என வினவுவோர் உளர். நாட்டார் பாடலிற் கொச்சை உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால் வயலிலே ஆண் ஒரு அடி பாடினால் பெண் மறு அடியால் அவனை மடக்கலாம். அங்கு பாடுவோரும் கேட்போரும் முகம் பார்த்து நின்றனர். ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பாட்டுப் பாட இயலுமா? பின்னாசனத்துப் பாடசாலை மாணவி தலைகுனிந்திருப்பது விருப்பத்தின் அடையாளமன்று. வேறு வழியின்மையின் அடையாளம்.

அவ்வாறாயின் தடைசெய்வதா? 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாடல்களை அகற்ற முற்பட்டார். கேட்போர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957 இல் விவித் பாரதியைத் தொடங்கி அவ்வானொலியே இறங்கிவர நேர்ந்தது. இரசனையைக் கட்டளையால் ஆள முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2007 இல் நமது உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிப் பாவனையை இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை பொதுவாக விலக்கியது. அத்தீர்ப்பு ஓசைக்கு எல்லை வகுத்தது. சொல்லின் தரத்தை அளக்கவில்லை. அளக்கும் பொறுப்பைப் பொலிஸாரிடம் ஒப்படைப்பதும் ஆபத்தே. இன்று வசையை நிறுத்தும் கை நாளை எதிர்ப்புப் பாடலையும் நிறுத்தும்.

வேண்டப்படுவது தணிக்கையன்று, கேட்க மறுக்கும் உரிமை. தன் அறையில் எவரும் எதனையும் கேட்கட்டும். எழுந்து செல்லமுடியாத இடத்தில், ஒரு பிரயாணி "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்தப்படவேண்டும். அவர் காரணங்கூற வேண்டியதில்லை. அவரைக் கேலி செய்யவும் எவருக்கும் உரிமையில்லை.

இதனைச் சாரதியிடமும் நடத்துனரிடமும் போதிக்குமுன், பல்கலைக்கழக மாணவர் தம் சுற்றுலா பஸ்ஸினுள் ஒருமுறை செவிகொடுத்தல் நன்று. பெண்ணியம் பற்றிக் கருத்தரங்கு நடத்தியவர்களே அங்கே அப்பாடல்களுக்குக் கைதட்டுகின்றனர். உடன்வரும் மாணவியர் சன்னலுக்கு வெளியே பார்த்திருக்கின்றனர். கற்றவர் பஸ்ஸிலே நிறுத்தப்படாத பாடல் ஊர் பஸ்ஸிலே ஒருபோதும் நிற்கப்போவதில்லை.