அதை அதிசயம் என்று சொல்லாதீர்கள்

 

ஜப்பான் பெண்கள் கால்பந்து அணி 2011இல் உலகக் கோப்பை வென்ற கதையை யாராவது அவ்வப்போது பகிர்கிறார்கள். எல்லாமே ஒரே அச்சுதான். மார்ச்சில் சுனாமி, ஜூலையில் கோப்பை, நடுவில் 'அதிசயம்' என்று ஒரு சொல். எனக்கு அந்தச் சொல்லின் மேல் கோபமே உண்டு. அந்த அணியின் கேப்டன், மிட்ஃபீல்டர் ஹோமரே சவா கடந்து வந்த வருஷங்களை வரிசையாகப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

சவா 1978இல் டோக்கியோவின் ஃபுச்சுவில் பிறந்தவர். 12 வயதில் யோமியுரி பெலேசா கிளப்பின் பெரியவர்கள் அணியில் ஆட ஆரம்பித்துவிட்டார். 1993 டிசம்பரில், 15 வயதில், நாட்டுக்காக முதல் ஆட்டம். பிலிப்பைன்ஸுக்கு எதிராக 4 கோல். இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு 'பிறவி மேதை' என்று முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1995 உலகக் கோப்பை காலிறுதியில் அமெரிக்காவிடம் 0-4. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. 1999 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வீட்டுக்கு. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குத் தகுதியே இல்லை. 2003இலும் 2007இலும் மறுபடி முதல் சுற்று. ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியல் இப்படி இருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? 'வேறு பாடம் எடும்மா' என்றுதான்.

இதற்கிடையில் ஜப்பானில் பொருளாதார மந்தம். பெண்கள் அணிகளுக்குப் பணம் கொடுத்துவந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. அணிகள் கலைந்தன. 1999இல் சவா கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு அமெரிக்கா போனார். அங்கே 2001இல் பெண்களுக்கென்று தொழில்முறை லீக் தொடங்கியதும் அட்லாண்டா பீட் அணியில் சேர்ந்தார். 2003 உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் முன்னால் அந்த லீகையும் இழுத்து மூடினார்கள். திரும்பவும் பெலேசா. 2009இல் அமெரிக்காவில் இன்னொரு புது லீக், வாஷிங்டன் அணி. அந்த லீகும் நிலைக்கவில்லை. நன்றாக ஆடியும் ஆடுவதற்கு ஓர் இடம் நிலையாக இல்லாமல் போனதுதான் இவருடைய நடு வயது.

2008இல் பயிற்சியாளர் நோரியோ சசாகி ஒரு காரியம் செய்தார். கோலுக்குப் பக்கத்தில் ஆடிப் பழகிய சவாவைக் கொஞ்சம் பின்னால் இறக்கி, தற்காப்பு மிட்ஃபீல்டராக நிறுத்தினார். எதிரணியின் பந்தைப் பறிக்க வேண்டும், முன்னால் இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெயர் வாங்கித் தராத வேலை. அந்த இடத்திலிருந்து ஓடிவந்துதான் 2011இல் 5 கோல் அடித்து, தொடரின் அதிக கோல் அடித்தவருக்கான விருதையும் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சேர்த்து வாங்கினார். அப்போது வயது 32. அது அவருடைய ஐந்தாவது உலகக் கோப்பை.

ஜூலை 17, ஃபிராங்க்ஃபர்ட், இறுதி ஆட்டம். எதிரே அமெரிக்கா. அதுவரை ஒருமுறைகூட ஜப்பான் வென்றிராத அணி. கூடுதல் நேரத்தில் 1-2 என்று பின்தங்கி நிற்கிறார்கள். 117வது நிமிடம். ஆயா மியாமா கார்னர் அடிக்கிறார். சவா எல்லோருக்கும் முன்னால் கிட்டத்துக் கம்பத்தை நோக்கி ஓடி, பந்தை வலது காலின் வெளிப்பக்கத்தால் தொட்டுத் திருப்புகிறார். கோலைப் பார்க்கக்கூட இல்லை, அது எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியும். 2-2. பெனால்டியில் 3-1 என்று ஜப்பான் வென்றது. (அந்தப் பெனால்டி அடித்த நால்வரில் சவா இல்லை. கதை சொல்பவர்கள் இதையும் விட்டுவிடுகிறார்கள்.)

சுனாமியின் துயரம் அந்தப் பெண்களை உந்தியது என்பதை நான் மறுக்கவில்லை. ஜெர்மனியுடனான காலிறுதிக்கு முன் சசாகி பேரழிவின் படங்களைக் காட்டினார் என்பது தெரிந்த செய்திதான். ஆனால் பந்தைக் காலின் வெளிப்பக்கத்தால் திருப்ப எந்தத் துயரமும் கற்றுக்கொடுக்காது. பகலில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்த பெண்கள் அந்த அணியில் இருந்தார்கள். 'அதிசயம்' என்று சொல்லிவிட்டால், இத்தனை வருஷம் அவர்களுக்குச் சரியான சம்பளம் கொடுக்காதது யார் என்ற கேள்வி எழாது. எனக்குக் கோபம் அதனால்தான்.

கோப்பைக்கு அடுத்த வருஷமே அது அப்பட்டமாகத் தெரிந்தது. 2012 ஜனவரியில் சூரிச்சில் உலகின் சிறந்த வீராங்கனை விருதை சவா கிமோனோ உடுத்திப் போய் வாங்கினார். ஆசியாவிலிருந்து முதல் ஆள். சில மாதங்களில் லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே விமானத்தில் கிளம்பின. 23 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் முன்னால் பிசினஸ் வகுப்பில். உலகச் சாம்பியன்களான பெண்கள் பின்னால். வயதில் பார்த்தாலும் நாங்கள்தானே மூத்தவர்கள் என்கிற மாதிரி சவா சொன்னார். அவ்வளவுதான், கூச்சல் போடவில்லை. பின்னால் உட்கார்ந்து போனவர்கள் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள்.

சவா கடைசியாக ஆடியது 2015 டிசம்பர் 27, பேரரசி கோப்பை இறுதி ஆட்டம். கோபே அணிக்காக, 37 வயதில். 78வது நிமிடத்தில் ஒரு கார்னர், தலையால் முட்டினார், 1-0. நாட்டுக்காக மொத்தம் 205 ஆட்டம், 83 கோல்.

ஜப்பானில் பெண்களுக்கு முழுத் தொழில்முறை லீக் தொடங்கியது 2021 செப்டம்பரில், கோப்பை வென்று பத்து வருஷம் கழித்து. அப்போது சவாவுக்கு வயது 43. ஒரு நிமிடம்கூட அவர் அதில் ஆடவில்லை.