8000 சொற்கள் பேசிய ‘குரலற்றவன்’

அண்மையில் பரிசு பெற்ற ஒரு கட்டுரைத் தொகுப்பு, ஆஸ்திரேலியக் கொள்ளையன் நெட் கெல்லியைக் ‘குரலற்றவர்களின் குரல்’ என்கிறது. நடுவர்களின் பாராட்டுரையிலும் அதே தொடர். அதைக் கொண்டாடிய சக இதழிலும் அதே. இவர்களில் ஒருவராவது கெல்லியே சொல்லி எழுதவைத்த ஜெரில்டெரி கடிதத்தைப் புரட்டியிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கு வேலை இருந்திருக்காது.

டிப்பரேரியில் இரண்டு பன்றிகளைத் திருடி நாடு கடத்தப்பட்ட ஐரிஷ்காரரின் மகன் கெல்லி. 1878 அக்டோபரில் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடைக்கரையில் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டதும், கெல்லி கும்பலை யாரும் சுடலாம் என்று விக்டோரியாவில் தனிச்சட்டமே வந்தது. கும்பலின் நால்வர் தலைக்குமான விலை 8000 பவுண்டு வரை ஏறியது.

1879 பிப்ரவரியில் அவர்கள் ஜெரில்டெரி என்ற ஊருக்குள் புகுந்தார்கள். போலீஸாரை அவர்கள் லாக்கப்பிலேயே பூட்டி, அவர்கள் சீருடையையே மாட்டிக்கொண்டு வங்கியைச் சுருட்டினார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த சினிமா. நமக்கு வேண்டியது வேறு: கெல்லி அந்த ஊரில் அச்சகத்தையும் தேடினான். அவன் சொல்லச் சொல்லக் கும்பலைச் சேர்ந்த ஜோ பைர்ன் எழுதிய சுமார் 8000 சொற்கள் கையில் இருந்தன. உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் கில் ஓட்டம் பிடித்துவிட்டார். கையெழுத்துப் பிரதிக்குப் பயந்து ஒளியும் ஆசிரியர்கள் நம்மிடையே ஏராளம். கில்லுக்காவது துப்பாக்கி என்ற காரணம் இருந்தது. ஆசிரியரிடம் சேர்ப்பிப்பதாக வாங்கிக்கொண்ட வங்கிக் கணக்கர் அதை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். முழுதாக அச்சேறியது 1930இல். கெல்லி தூக்கிலேறி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

வரலாற்றாசிரியர் ஹாப்ஸ்பாமின் ‘சமூகக் கொள்ளையர்’ கருத்து கைக்குக் கைமாறிய காலத்தில் நாங்களும் விடிய விடியப் பேசியவர்கள்தான். தேநீர்க்கடைக்காரர் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்ட பிறகும் ஓயவில்லை. பின்னால் ‘அடித்தள மக்கள் பேச முடியுமா?’ என்ற கேள்வி வந்து சேர்ந்தது. அந்தப் போதை இனியது. ஆனால் இங்கே ஒருவன் பேசியிருக்கிறான், அச்சுக்கும் அலைந்திருக்கிறான். என்ன பேசினான் என்று பார்க்க வேண்டாமா?

நிறுத்தக்குறியை மதிக்காமல் ஓடும் கடிதம் அது. வசவு, தன்னிலை விளக்கம், தாயைச் சிறையில் தள்ளிய ஆத்திரம், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் கொடு என்று பணக்காரர்களுக்குக் கட்டளை. போலீஸுக்கு உதவுகிறவனுக்குக் கொலைமிரட்டல். ஸ்ட்ரிங்கிபார்க்கில் செத்த மூவரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள். அவர்கள் எந்தக் குரலில் சேர்த்தி? கடிதத்தில் கேட்பது கெல்லியின் குரல். அதற்கே காது கொடுக்காதவர்கள் அவன் தலையில் ஊர்க்குரலை ஏற்றுகிறார்கள்.

1880 ஜூனில் கிளென்ரோவனில் போலீஸுடன் நடந்த கடைசி மோதலில் அவன் அணிந்திருந்த கலப்பைத் தகட்டுக் கவசம்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஓவியர் சிட்னி நோலன் அதைக் கறுப்புச் சதுரமாக்கினார். எனக்கும் அந்த ஓவியங்கள் மேல் தீராத மயக்கம் உண்டு. ஆனால் ஆளில்லாக் கவசத்துக்குள்ளிருந்து யாரும் எதையும் பேசலாம். நம் பரிசுக் குழுக்கள் எழுத்தாளனிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்: செத்திருக்க வேண்டும், பதில் பேசக் கூடாது, மேற்கோளுக்கு வாகாக இருக்க வேண்டும். உயிரோடு இருந்து, கொச்சையாக, முன்னுக்குப்பின் முரணாக 8000 சொற்கள் எழுதி அனுப்புகிறவனுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடையாது.

மூலக் கடிதம் விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது. படித்துவிட்டு எங்களை மறுத்து எழுதுங்கள். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்குகிறோம்.