பார்த்ததுக்கு யார் காசு கொடுக்கிறா?

பொட்டி தட்டுற பயலுக்கு கார் என்ஜினைப் பத்தி என்னய்யா தெரியும்னு கேட்காதீங்க மக்களே. நாலு மாசம் பட்ட பாடு பேச வைக்குது.

என்னோடது 2014 மாடல், பழசா வாங்கின பெட்ரோல் கார். காலையில சமர்த்தா ஓடும். என்ஜின் சூடானதும் ஆரம்பிக்கும் கூத்து. சிக்னல்ல நின்னா 800ல இருக்க வேண்டிய ஐட்லிங் 1500க்குப் போய் உறுமும். சில நேரம் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் பொசுக்குனு ஆஃப். மெக்கானிக்கிட்ட கொண்டு போனா மட்டும் நல்ல பிள்ளையா ஓடும். (நம்ம ப்ரோக்ராம்ல வர்ற பக் மாதிரியேதான்... டெஸ்டர் சீட்ல வராது, கஸ்டமர் முன்னாடிதான் வரும்.)

முதல் ஒர்க்‌ஷாப்ல ப்ளக் மாத்தினாங்க. ரெண்டாவது இடத்துல ஸ்கேனர் போட்டாங்க. பி0507னு ஒரு கோட் வந்துச்சு. அதுக்கு அர்த்தம் என்னன்னு பார்த்தா, "ஐட்லிங் எதிர்பார்த்ததைவிட அதிகம்". அடப்பாவிகளா, அதைத்தானே நானும் சொல்லிட்டு வந்தேன்! ஆனா அந்தக் கோடை நம்பி ஐட்லிங் வால்வை மாத்தினாங்க. மூணாவது இடத்துல, நின்னு போகக் கூடாதுன்னு திராட்டில் ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கை ஏத்தி விட்டாங்க. மொத்தம் ஒன்பதாயிரம் காலி.

அப்புறம் ஒரு நாள் அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறப்ப, வேலூர் கிரீன் சர்க்கிள்ல வளையும்போது என்ஜின் நின்னுச்சு. ஸ்டியரிங் கல்லாயிடுச்சு. பிரேக்கும் ரெண்டு மிதிக்கு மேல கல்லுதான், ஏன்னா பிரேக்குக்கு உதவுற வேக்குவம் என்ஜின்ல இருந்துதான் வருது. பின்னாடி லாரி. அப்பா ஒண்ணும் பேசலை, டேஷ்போர்டைக் கெட்டியா பிடிச்சிருந்தார்.

இது சின்ன விஷயம் இல்லைங்க. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில, ஓடும்போதே என்ஜின் நிக்கிறதை பல வருஷம் வாடிக்கையாளரோட "சௌகரியக் குறை"ன்னுதான் வகைப்படுத்தி வச்சிருந்தாங்க. இக்னிஷன் சுவிட்ச் தானா நழுவி, என்ஜினோட ஏர்பேக்கும் வேலை செய்யாமப் போனது 2014ல வெளியே வந்துச்சு. அந்தக் கோளாறால செத்தவங்க 124 பேர்னு நஷ்டஈடு கொடுக்கும்போது கணக்காச்சு.

கடைசியா ஆம்பூர்ல ஒரு அண்ணன்கிட்ட போனேன். அவர் ஸ்பேனரையே தொடலை. "சூடா இருக்கும்போது வருதா, குளிர்ல வருதா? ஏசி போட்டா எப்படி?"ன்னு கேட்டார். என்ஜினை ஓட விட்டுட்டு டீ குடிச்சார். முக்கால் மணி நேரம் கழிச்சு அது உறும ஆரம்பிச்சதும், துணி சுத்தின கட்டிங் பிளேயரால ஒவ்வொரு ட்யூபா மெதுவா அமுக்கிட்டே வந்தார். ஒரு ட்யூபை அமுக்கினதும் உறுமல் அடங்குச்சு. அடிப்பக்க வளைவுல கீறல். சூடானா வாய் பிளக்கும்.

அவர் சொன்ன விளக்கம்: கீறல் வழியா கூடுதல் காத்து போனா வேகம் ஏறும். உடனே கம்ப்யூட்டர் ஐட்லிங் வால்வை முழுசா மூடிடும். அந்த நேரம் பார்த்து ட்யூப் அசைஞ்சு கீறல் அடைச்சுக்கிட்டா, காத்தே இல்லாம என்ஜின் செத்துடும். வால்வு திரும்பத் திறக்க நேரம் பத்தாது. உறுமலும் நிக்கிறதும் ரெண்டு வியாதி இல்லை, ஒண்ணுதான். ட்யூபை மாத்தி, அந்த ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தார்.

ட்யூப் 120, கூலி 100. ஐநூறு நீட்டினேன், வாங்கலை.

"ட்யூப் மாட்டுனதுக்கு எவ்ளோ தம்பி வாங்குறது?"

"ஒரு மணி நேரம் பார்த்தீங்களேண்ணா?"

"பார்த்ததுக்கு யார் தம்பி காசு குடுக்குறா?"

சுருக்குனு இருந்துச்சு. முதல் மூணு பேரையும் ஏமாத்துக்காரங்கன்னு திட்டிட்டு இருந்தேன். ஆனா யோசிச்சுப் பாருங்க: பார்ட்ஸ் மாத்தினா பில் போடலாம், யோசிச்சா பில் போட முடியாதுன்னா யார் யோசிப்பா? "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குங்க காசு?"ன்னு கேக்குற ஆளுங்க நாமதானே? நான் ரெண்டு நாள் பக் தேடி ஒரு வரியை மாத்தினா, ஒரு வரிக்கா சம்பளம் வாங்குறேன்? எங்க பக்கத்து டேனரியில தோலைத் தரம் பிரிக்கிறவர் விரிச்சுப் பார்த்து, தடவிப் பார்த்து, இது எந்தக் கட்டுன்னு சொல்றார். அந்தப் பார்வைக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அதனால இனிமே நான் வண்டியை விடும்போதே சொல்லிடறது: "அண்ணே, முதல்ல கண்டுபிடிங்க. அதுக்குத் தனியா காசு தர்றேன். எதையும் கேக்காம மாத்தாதீங்க." எப்ப வருது, எவ்வளவு நேரம் ஓடினப்புறம் வருதுன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதியும் கொடுத்துடறேன். நீங்களும் செஞ்சு பாருங்க.

டிஸ்கி: ஐநூறை அண்ணனோட டேபிள்ல வச்சுட்டு ஓடி வந்துட்டேன். வண்டியும் நிக்காம ஓடுச்சு!