காவலர் வேறு, காவலாளி வேறு

'காவலர்', 'காவலாளி' இரண்டும் ஒன்றுதான், முதலாவதில் கொஞ்சம் மரியாதை கூடுதல், அவ்வளவுதான் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. உடனே அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேர் ஒன்று என்பார்கள். சரி, ஒன்றுதான். கா, காத்தல், காப்பு, காவல். வேர் ஒன்று என்பதால் கிளையில் தொங்குவதெல்லாம் ஒரே பழம் ஆகிவிடுமா?

சண்டை எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தமிழ்ப்பள்ளி மலருக்குத் தோட்டத்து வாழ்க்கை பற்றி எழுதச் சொன்னார்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். சுங்கை சிப்புட் பக்கம் அப்பா பால்மரம் சீவியது, தோட்டம் தாமானாக மாறிய பிறகு ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவலாளியாக உட்கார்ந்தது, இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை கண் கொட்டாமல் இருந்தது, இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்தபோது அப்பா 'காவலர்' ஆகியிருந்தார். கேட்டதற்கு மலர்க்குழுப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "என்ன தம்பி, பெத்த அப்பாவப் போயி காவலாளின்னு எழுதுனா நல்லாவா இருக்கு? மரியாதையா மாத்தி விட்டோம்."

எதிர்ப்பக்கத்தில் ஒருவரின் முழுப்பக்க வண்ணப்படம். கோட்டு, அதன்மேல் பொன்னாடை, அதன்மேல் மாலை. கீழே 'தமிழ்க் காவலர்'. பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்தவர். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு பேரையும் அடைத்து வைத்தால் லாபம் யாருக்கு? அப்பாவின் சம்பளம் ஒரு வெள்ளிகூட ஏறவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றதால் மற்றவருக்கு மட்டும் இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தோற்றம் வந்துவிட்டது.

காவலன் என்றால் பழைய நிகண்டுக்காரர்களுக்கு அரசன். தான் ஆளும் நிலத்தைக் காப்பவன், காப்பதால் அதற்கு உரியவன், உரியவன் என்பதால் வரி வாங்குகிறவன். சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று ஒரு வரியே இருக்கிறது. ஊரைக் காப்பதற்கு ஊரே கட்ட வேண்டியது. காவலாளி கதை வேறு. அவன் காப்பது எதுவும் அவனுடையது இல்லை. அவனுக்கு வரி கிடையாது, கூலி உண்டு. ஒருவர் சொந்தம் கொண்டாடுவதற்காகக் காக்கிறார், இன்னொருவர் சொந்தமில்லாததைக் காக்கிறார். நம் சினிமாவுக்கும் இது நன்றாகத் தெரியும். 2011இல் விஜய் நடித்த படத்தில் நாயகன் பார்ப்பது ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பாகப் போய்வரும் வேலை. தலைப்பு என்னவோ 'காவலன்'. 'காவலாளி' என்று வைத்தால் போஸ்டர் யார் ஒட்டுவார்கள்?

சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள், குறிப்பாகக் கொலைக்களக் காதையை. எல்லோரும் வழக்குரை காதைக்கு ஓடிவிடுகிறோம், கண்ணகியின் கோபம் அங்கே இருக்கிறது என்பதால். அதற்கு முன்னால் ஒரு சின்ன இடம். சிலம்பு களவு போனது என்று கேட்டதும் பாண்டியன் விசாரிக்கவில்லை. ஊர்க்காவலர்களைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். போன இடத்தில் கோவலனைப் பார்த்த ஆட்களுக்குச் சந்தேகம் வருகிறது. இவன் முகத்தைப் பார்த்தால் கள்ளனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் அவர்களைக் கேலி செய்து, கள்வர் செய்யும் தந்திரங்களைப் பற்றி ஒரு பாடமே நடத்த வேண்டியிருக்கிறது. கடைசியில் அவர்களில் ஒரு மூர்க்கன்தான் வாளை வீசுகிறான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கூலிக்குக் காவல் நின்றவர்களுக்கு வந்த சந்தேகம், நாட்டுக்கே காவலனாக இருந்தவனுக்கு வரவில்லை. வாசலில் நிற்பவன் ஆளின் முகத்தைப் பார்க்கிறான். அரண்மனையில் இருப்பவனுக்கு முகம் தெரியாது, தகவல்தான் வரும்.

இனி பேராக்குக்கு வருவோம். இந்த மாநிலத்தின் நவீன வரலாறே 'பாதுகாப்பு' என்ற பெயரில்தான் தொடங்குகிறது. 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை. சுல்தான் சுல்தானாகவே இருப்பார், பக்கத்தில் ஓர் ஆங்கிலேய ஆலோசகர் இருப்பார், மலாய்க்காரர்களின் மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். கேட்டே ஆக வேண்டிய ஆலோசனை! முதல் ஆலோசகர் பர்ச் அடுத்த ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஆனாலும் பாதுகாப்பு தொடர்ந்தது. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரத்தின் வாரிசுகளைச் சீவத்தான் நம் ஆட்கள் வந்தார்கள்.

அவர்களுக்கும் ஒரு காவலர் இருந்தார், தெரியுமா? பிரிட்டிஷ் இந்தியாவின் குடியேற்றச் சட்டங்களில் துறைமுகத்தில் உட்காரும் ஓர் அதிகாரிக்குப் பெயரே 'குடிபெயர்வோர் பாதுகாவலர்'. கப்பலேறுகிறவர் தன் விருப்பத்தோடு போகிறாரா என்று பார்ப்பது அவர் வேலை. இன்றைய இந்தியாவிலும் அந்தப் பதவி இருக்கிறது. பாதுகாவலர் கரையோடு நின்றுவிட்டார். அங்கிருந்து கங்காணியின் ராஜ்ஜியம். கங்காணி என்பது கண்காணி, கண் வைத்துக்கொண்டே இருப்பவர். மலாய்க்காரர்கள் அந்தக் காலத்தில் போலீசை 'மாத்தா மாத்தா' என்றார்கள். மாத்தா என்றாலும் கண்தான். நம்மைக் காத்தவர்களின் பெயர்கள் எல்லாம் கண்ணில் போய் முடிவது தற்செயல் என்று நினைக்கிறீர்களா? பார்த்துக்கொள்வது வேறு, கண்காணிப்பது வேறு.

ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கியபோது, காவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள் அறிக்கை விட்டார்கள். ஒரே ஒரு காரியம் உருப்படியாக நடந்தது. 1960இல் சுங்கை சிப்புட்காரரான சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அவர் அமைச்சர்தான், பிற்காலத்தில் 'துன்' பட்டமும் வந்தது. ஆனால் அந்தத் திட்டத்தின் உள்ளே இருந்தது காவலாளித்தனம். நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லாமல், நீ இருக்கும் இடத்தை நீயே வாங்கு, நான் வாசலில் நிற்கிறேன் என்றார். அந்தப் பத்து வெள்ளிக்குள் வராத தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் கோல்ஃப் திடலாகவும் போயின. லயங்களிலிருந்து கிளம்பியவர்களில் பலர் எங்கே போனார்கள்? புந்தோங்கிலோ மெங்லம்புவிலோ காலையில் ஆறரைக்கு பஸ் நிறுத்தத்தில் போய் நின்று பாருங்கள். நீலச்சட்டை, தோளில் கயிறு, கையில் சாப்பாட்டுச் சட்டி.

நாம் பேச்சில் அவர்களை 'ஜாகா' என்கிறோம். "மாமா எங்க வேல செய்றாரு?" "ஸ்கூல்ல ஜாகா." மலாய்ச் சொல். அதன் மூலம் சமஸ்கிருதத்தில் விழித்திருத்தல், நம் 'ஜாக்கிரதை'யின் உறவுக்காரன். மலாயில் ஜாகா என்றால் விழி, காவல் இரு, பிள்ளையைப் பார்த்துக்கொள், எல்லாமேதான். பள்ளிக்கூடப் பாரத்தில் பெற்றோருக்குப் பக்கத்தில் 'பெஞ்ஜாகா' என்று ஒரு கட்டம் இருக்கும். அப்பா அம்மா இல்லாத பிள்ளைக்கு அந்த இடத்தில் நிற்பவர். மலாய் மொழி வாசல்காரரையும் வளர்ப்பவரையும் ஒரே வேரில் வைத்து இரண்டையும் கீழே தள்ளாமல் இருக்கிறது. கீழே தள்ளுவது நாம்தான்.

'ஆளி' என்ற விகுதியில் ஒரு மட்டம் தெரிகிறது என்றும் அந்தப் பெரியவர் சொன்னார். அப்படியா? முதலாளியில் என்ன விகுதி? அவரை 'முதலர்' என்று யாராவது மரியாதையாக மாற்றி அச்சடித்தது உண்டா? அறிவாளி, படைப்பாளி, போராளி எல்லாமே ஆளிதான். நம் எழுத்தாளர்கள் 'நான் ஒரு படைப்பாளி' என்று மேடையில் சொல்லும்போது விகுதி உறுத்துவதில்லை. உறுத்துவது விகுதி இல்லை ஐயா, அந்த நீலச்சட்டை.

மரியாதைச் சொல் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். பல சாதிப் பெயர்களையும் வசவுகளையும் ஒழித்ததில் மொழிமாற்றத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் பெயர் மாறி நிலைமை மாறாதபோது அந்தப் பெயரே ஒரு திரையாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் துப்புரவுத் தொழிலாளர்களைத் தூய்மைப் பணியாளர்கள் ஆக்கினார்கள். நல்ல பெயர். 2025 ஆகஸ்டில் அதே பணியாளர்கள், தனியாரிடம் விடாதே என்று ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தபோது நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அப்புறப்படுத்தியவர்களுக்கு அங்கே அரசு வைத்திருக்கும் பெயர் காவலர். நம் ஊரில் மட்டும் என்ன? 2020 ஜூன் 2, கோவிட் காலம், எல்லோரும் முன்களப் பணியாளர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த நேரம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வெளியே, குத்தகை நிறுவனத்தின் நடத்தையைக் கண்டித்துத் துப்புரவுத் தொழிலாளிகளுக்காக நடந்த மறியலில் ஐந்து பேர் கைதானார்கள்.

குத்தகைதான் விஷயமே. அரசுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் காவலும் துப்புரவும் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகை முடிந்து புதுக் கம்பெனி வரும். ஆள் அதே ஆள், வாசல் அதே வாசல், சட்டையில் பெயர் மட்டும் மாறும். வேலை பார்த்த வருடங்கள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணப்படும். பத்து வருடம் நின்றவருக்கும் முதல் வருடக்காரனுக்குரிய விடுமுறைதான். இதைத்தான் அவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா நின்றது தனியார் அடுக்குமாடி. அங்கேயும் ஒரே வாசலில் மூன்று கம்பெனிச் சட்டை போட்டார். 'காவலர்' என்று எழுதும்போது இந்தச் சட்டைகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. காவலருக்குச் சம்பளப் பிரச்சினை இருக்குமா, என்ன? காவலாளி என்று எழுதினால், அது வேலை என்பதும், வேலை என்றால் கூலி, நேரம், விடுப்பு என்று கேள்விகள் உண்டு என்பதும் வாசிப்பவருக்குத் தெரியும்.

மொழிக்கும் இதே கணக்குதான். கி.ஆ.பெ. விசுவநாதத்துக்கு 'முத்தமிழ்க் காவலர்' என்று பட்டம் உண்டு. முப்பதுகளின் இந்தி எதிர்ப்பில் முன்னால் நின்றவர், சரி, பொருத்தம். அந்தப் பட்டத்தின் நகல்கள் இன்று நம் மண்டபங்களில் நன்கொடை ரசீதோடு சேர்த்துக் கிழித்துக் கொடுக்கப்படுகின்றன. தோட்டங்களில் தமிழை யார் பார்த்துக்கொண்டது? 1923 தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, வாத்தியார் வேலையைச் சேர்த்துப் பார்த்தவர் கிராணி அல்லது கங்காணி. ஆமாம், கங்காணியேதான், வரலாறு நம் வசதிக்கு நடப்பதில்லை. பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிடும் படிப்பு. அந்த அரைகுறைப் பள்ளியும், ஆயாக்கொட்டகையில் தாலாட்டிய கிழவிகளும், ஒரே பத்திரிகையை லயம் முழுக்கச் சுற்றிவிட்டு வாசித்தவர்களும் காத்த மொழியில்தான் நானும் நீங்களும் இன்று எழுதுகிறோம். யாரும் அவர்களை மொழிக் காவலர் என்று சொல்லவில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

எனவே மலர் போடும் குழுக்களுக்கும், நூல் வெளியீடு நடத்தும் இளம் நண்பர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். பணம் கொடுத்தவருக்கு 'நன்கொடையாளர்' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. செய்ததை அப்படியே சொல்லும், கூடவும் சொல்லாது குறைத்தும் சொல்லாது. அதைப் போடுங்கள். மேடையில் 'தமிழ்க் காவலர்' என்று வாசிக்கச் சொன்னால், எதிலிருந்து காத்தார், எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டு வாசியுங்கள்.

பேராக்கில் எந்தத் தமிழ்ப்பள்ளிக்குப் போனாலும் வாசலில் ஒரு மேசை இருக்கும், மேசைமேல் ஒரு தடித்த நோட்டு. பெயர், அடையாள அட்டை எண், வந்த நேரம், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று எழுதச் சொல்வார் காவலாளி. அமைச்சரோ ஆசிரியரோ, எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது விதி. பரிசளிப்பு விழா நாளில் அந்த நோட்டில் கையெழுத்துப் போடாமல் போனவர்கள் யார் யார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.