'சாப்பிடவே மாட்டேங்கிறான்': எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ராத்திரி எட்டரை மணி. ஒரு கையில் தட்டு, மறு கையில் செல்போன். "இந்த ஒரு வாய் மட்டும் வாங்கிக்கோ கண்ணு" என்று அம்மா கெஞ்ச, மூன்று வயதுப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்கிறது. முக்கால் மணி நேரப் போராட்டத்தில் பாதி இட்லி உள்ளே போயிருக்கும். பாட்டியின் தீர்ப்பு தயாராக இருக்கிறது: "இவங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான். வளர்ந்தா சரியாயிடும்."

பாட்டி சொல்வது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரிதான். எல்லாக் குழந்தைகளுக்கும் சரியாக இருக்காது என்பதுதான் சிக்கல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீட்டில் பாதிப் பயம் குறையும். உதவி தேவைப்படும் குழந்தைக்கு அது தாமதமாகாமலும் கிடைக்கும்.

எது இயல்பு?

பிறந்த குழந்தையின் எடை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதன் பிறகு வேகம் குறைந்துவிடும். இரண்டாவது வருடம் முழுவதும் கூடுவது சுமார் 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. 'போன வருஷம் நல்லா சாப்பிட்டான், இப்போ தொட மாட்டேங்கிறான்' என்ற புகாருக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

2 வயதிலிருந்து 6 வயது வரை புது உணவைப் பார்த்து மிரள்வதும் சாதாரணம். ஒரு காய்கறியைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 10, 15 தடவைகூட அது தட்டில் வர வேண்டியிருக்கலாம். இரண்டு தடவை துப்பியதும் 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவுகட்டுவது அவசரம். குழந்தை ஓடியாடி விளையாடுகிறது, உயரமும் எடையும் கூடுகின்றன, சாப்பிடும் பட்டியல் மெதுவாகவாவது நீள்கிறது என்றால் காத்திருக்கலாம்.

எடை சரியாக இருந்தால் போதுமா?

போதாது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஒரு சிறுவனின் கதையை 2019-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. தொடக்கப் பள்ளிக் காலத்திலிருந்தே சில வகை உணவுகளின் பதம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உருளைக்கிழங்கு வறுவல், சிப்ஸ், வெள்ளை ரொட்டி, கொஞ்சம் பதப்படுத்திய இறைச்சி என்றே வளர்ந்தான். 14 வயதில் 'சோர்வாக இருக்கிறது' என்று டாக்டரிடம் போனபோது உயரமும் எடையும் சரியாகவே இருந்தன. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு தெரிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் காது மந்தமாகி, கண் பார்வையும் மங்கியது. 17 வயதுக்குள் பார்வை நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுவிட்டது.

இது மிக அரிதான சம்பவம். ஆனால் பாடம் எல்லா வீட்டுக்கும் பொதுவானது. தராசு காட்டுவது எடையை மட்டும்தான், சத்தை அல்ல. இந்தியாவில் இது இன்னும் முக்கியம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையே பசியைக் குறைக்கும். சாப்பிடாததால் ரத்தசோகை, ரத்தசோகையால் சாப்பிடாமை என்று அது சுற்றிச் சுற்றி வரும்.

எந்த அறிகுறிகள் எச்சரிக்கை மணி?

* எடை குறைவது, அல்லது பல மாதங்களாக எடையும் உயரமும் கூடாமல் நிற்பது.
* சாப்பிடும் பொருட்கள் 20-க்கும் கீழே இருப்பது. அதிலும் ஒன்று விட்டுப்போனால் திரும்பி வராமல் பட்டியல் சுருங்கிக்கொண்டே போவது.
* காய், பழம், பருப்பு, முட்டை என ஒரு வகையையே முழுசாக ஒதுக்குவது. மொறுமொறுப்பானது மட்டும், அல்லது மிக்ஸியில் அரைத்தது மட்டும் என்று ஒரே பதத்தில் நிற்பது.
* சாப்பிடும்போது அடிக்கடி இருமல், புரையேறுதல், குமட்டல், வாந்தி, வலி.
* ஒரு தடவை தொண்டையில் சிக்கிய பிறகு திட உணவையே பயந்து விடுவது.
* மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்பது. இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.
* தினம் அரை லிட்டருக்கு மேல் பால் குடித்து மற்றதை மறுப்பது.
* பிறந்தநாள் விழா, பள்ளிச் சாப்பாடு என்றாலே குழந்தை அழுவது; ஒவ்வொரு வேளையும் வீடே சண்டைக்களமாவது.

இவற்றில் ஒன்று தொடர்ந்து இருந்தாலும் குழந்தைநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எடை குறைந்தாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ தள்ளிப்போடக் கூடாது.

அடம் அல்ல, கோளாறாகவும் இருக்கலாம்

'ஆர்ஃபிட்' என்று ஒரு கோளாறு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இதில் குழந்தை ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடப்பதில்லை. உணவின் வாசனை, நிறம், பதம் தாங்க முடியாமல் போகலாம்; தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயம் இருக்கலாம்; சாப்பாட்டில் ஆர்வமே இல்லாமலும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், வீங்கிய டான்சில், பல்வலி போன்ற சாதாரணக் காரணங்களும் பின்னால் ஒளிந்திருக்கும். வாயால் சொல்லத் தெரியாத குழந்தை வாயை மூடித்தான் சொல்லும்.

அதனால்தான் மிரட்டலும் அடியும் எடுபடுவதில்லை. 'பூச்சாண்டி வரான்' என்று ஊட்டும் ஒவ்வொரு கவளமும் சாப்பாட்டோடு பயத்தையும் சேர்த்தே ஊட்டுகிறது. மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கும் பசி டானிக்கும், பாலில் கலக்கும் சத்துப் பவுடரும் இந்தப் பயத்தைப் போக்காது. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு; எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும் என்பது உணவியல் நிபுணர்கள் பலர் சொல்லும் எளிய விதி.

யாரிடம் போவது?

முதல் படி குழந்தைநல மருத்துவர். தேவைப்பட்டால் அவர் உணவியல் நிபுணர், மெல்லுதல்-விழுங்குதலைப் பரிசோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், மனநல நிபுணர் ஆகியோரிடம் அனுப்புவார். தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு வழி உண்டு. அங்கன்வாடியில் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சி சார்ந்த சிக்கல்களுக்கு இலவசமாகவே சிகிச்சை தரப்படுகிறது.

போவதற்கு முன் மூன்று நாள் குழந்தை சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொள்ளலாம். ஒரு வேளைச் சாப்பாட்டை வீடியோ எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஆஸ்பத்திரியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை வீட்டில் படும் பாட்டை டாக்டர் நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

பிள்ளை சாப்பிடாவிட்டால் நம் ஊரில் முதல் கேள்வி அம்மாவைப் பார்த்துத்தான் வருகிறது: "நீ சரியா ஊட்டலையா?" அந்தப் பழிக்குப் பயந்தே பலர் வெளியே சொல்வதில்லை. குறைசொல்லும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: போன வருஷம் சாப்பிட்டதில் எதையெல்லாம் இந்த வருஷம் விட்டுவிட்டது? பதில் நீண்டுகொண்டே போனால், அடுத்த கவளத்துக்கு முன் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதே முதல் வேலை.