கண்ட்ரோல் இசட் அழுத்துமுன் கொஞ்சம் பொறுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் குழந்தைகள் முதலில் தேடிச் செல்வது பெயிண்ட் புரோகிராமைத்தான். யானை வரையத் தொடங்குவார்கள். மவுஸ் நழுவித் தும்பிக்கை கோணலாகும். உடனே கண்ட்ரோல் + இசட். கோடு மறையும். மீண்டும் கோணல், மீண்டும் கண்ட்ரோல் + இசட். பத்து நிமிடத்தில் எதையும் சேவ் செய்யாமல் மூடிவிடுவார்கள். பொங்கல் வாழ்த்து தயாரிக்க உட்காரும் பெரியவர்களும் இதைத்தான் செய்கிறோம்.

அன்டூ பெரிய வரம்தான். கடிதம் டைப் செய்கையில் அது இல்லாமல் முடியாது. ஆனால் கலை சார்ந்த வேலைகளில் அதுவே எதிரியாகவும் மாறுகிறது என்பது என் கருத்து. "இது சரிப்படாது" என்று தோன்றும் யோசனையை, முழு உருவம் பெறும் முன்பே அழித்துவிடுகிறோம். அது நன்றாக வந்திருக்குமா என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

அன்டூ இல்லாத காலத்துக் கலைஞர்கள் என்ன செய்தார்கள்? மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு என்று நாம் அழைக்கும் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பத் தொகுதியைப் பாருங்கள். சுமார் 90 அடி நீளப் பாறை. நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. சிற்பம் செதுக்க இதைவிட மோசமான பாறை கிடைக்குமா என்று கேட்கத் தோன்றும். பல்லவச் சிற்பிகளோ அந்தப் பிளவையே இறங்கி வரும் ஆறாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டார்கள். குறையாகத் தெரிந்ததே படைப்பின் மையமாகிவிட்டது.

இன்னொரு விஷயம். தவம் செய்யும் முனிவரைச் செதுக்கிய அதே பாறையில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையும் இருக்கிறது, காலடியில் எலிகள்! தெய்வீகக் காட்சியில் கேலியா என்று யாரும் தடுத்திருந்தால், இன்று குழந்தைகள் விரல் நீட்டிச் சிரிக்கும் சிற்பம் நமக்குக் கிடைத்திருக்காது. சற்றுத் தள்ளி, கூரைக் குடிசையைக் கல்லில் வடித்த திரௌபதி ரதம். இந்தச் சின்னங்களை 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இது பல்லவர் காலத்தோடு முடிந்த கதையல்ல. அதே கடற்கரையில் வடக்கே வந்தால் ஈஞ்சம்பாக்கம். அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அங்கே, 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். படிக்க முடியாத எழுத்துகள், குறியீடுகள், ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்கள் ஆகியவற்றால் அவர் 1960களில் ஓவியங்கள் வரைந்தார். பார்ப்பவருக்குக் கணக்கு நோட்டுப் பக்கம்போல் தோன்றும். இன்று அவர் பெயர் சொன்னாலே நினைவுக்கு வருபவை அந்த ஓவியங்கள்தான்.

எல்லா விபரீத யோசனையும் வெற்றி பெறும் என்று சொல்ல வரவில்லை. மாமல்லபுரத்திலேயே இன்னொரு அர்ஜுனன் தபசு பாதியில் நிற்கிறது. ஆனால் கல்லில் பாதியில் நின்றால் மாதக்கணக்கான உழைப்பு போச்சு. நமக்கோ மின்சாரத்தைத் தவிர எந்தச் செலவும் இல்லை. இத்தனை வசதி இருந்தும் நாம்தான் அதிகம் பயப்படுகிறோம்.

எனவே இப்படிச் செய்து பாருங்கள். "கிறுக்கல்" என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். யோசனை மோசமாகத் தோன்றினால் அழிக்காமல், சேவ் அஸ் கொடுத்து யானை1, யானை2 எனத் தனித்தனிப் பைல்களாகப் பதிந்திடுங்கள். பெயிண்ட்டில் பைலை மூடிவிட்டால் அன்டூ வேலை செய்யாது. பழைய நிலைக்குத் திரும்ப இந்தப் பைல்கள்தான் உதவும். கோணல் தும்பிக்கையை வைத்துக்கொண்டே படத்தை முடியுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். பிடிக்கவில்லையா? டெலீட் செய்ய அப்போதும் நேரம் இருக்கிறது.

பிள்ளைகள் கிறுக்கும்போது "கம்ப்யூட்டர் கெட்டுடும்" என்று அதட்டாதீர்கள். பெயிண்ட்டில் கிறுக்கி எந்தக் கம்ப்யூட்டரும் கெட்டுப்போவதில்லை.