இடுப்பின் கணக்கு

பழவேற்காட்டுத் துறையில் பெண்கள் குனிந்து மீன்கூடை தூக்குவதைப் பார்த்துவிட்டு, "பழகிய உடம்பு" என்று சொல்லிப் போகிறோம். எத்தனை வருடம் பழகினாலும் பாரம் குறையாது.

இடுப்பு ஒரு நெம்புகோல். 20 கிலோ கூடை இடுப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருந்தால், முதுகெலும்புக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்தில் உள்ள தசை அதற்காக மட்டும் 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் தனி. கூடையை 25 செ.மீ.க்கு அணைத்துப் பிடித்தால் இழுப்பு பாதியாகும்.

"முட்டியை மடக்கித் தூக்கு" என்பது நல்ல புத்திதான். முட்டி தேய்ந்தவள் எப்படி மடக்குவாள்? துறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு திண்ணை கட்டினால் குனியவே வேண்டாம். படகுக்கும் வலைக்கும் மானியம் கேட்கிற நாம் இதையும் சேர்த்துக் கேட்போம்.